வீட்டில் கட்டும் சிஎன்சி ரவுட்டரின் கன்ட்ரோல் பாக்ஸ்: வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கம்ப்யூட்டர் கட்டளைப்படி மூன்று அச்சில் நகர்ந்து மரம் வெட்டும் ரவுட்டர், நான்கு நீமா 23 ஸ்டெப்பர் மோட்டார் (ஒய் அச்சுக்கு இரண்டு), அவற்றை ஓட்டும் நான்கு டிஎம்542 டிரைவர், 36 வோல்ட், 350 வாட் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை), ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள், கட்டரைச் சுழற்றும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டில் மோட்டாரும், ஃப்ரீக்வென்சியை மாற்றி அதை ஓட்டும் விஎஃப்டியும். மின்சாரம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சிங்கிள் ஃபேஸ். உங்கள் இயந்திரத்தின் அளவுகள் மாறலாம், காரணங்கள் மாறாது. வீட்டின் டிபி பாக்ஸிலும் (லைன்கள் பிரியும் பெட்டி) சுவருக்குள் போகும் லைனிலும் செய்ய வேண்டிய வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அதற்கு இந்தப் பக்கம் மாற்றாகாது.

பாகங்கள் எல்லாம் வந்துவிட்டன. எதிலிருந்து தொடங்குவது?

சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டிலிருந்து. மூன்று ஓட்டை இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று நம்ப முடியாது. பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே வந்திருக்காது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட் இருக்கலாம். ஃபேஸ்–எர்த் அளவு 80, 110 என்று நிலையில்லாமல் ஆடினால் அந்த எர்த் ஒயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

மீட்டர் சரியாகக் காட்டினாலும் வேலை முடியவில்லை. மீட்டர் இழுப்பது மிகச் சிறிய கரன்ட். துருப்பிடித்த ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தால்கூட 230 காட்டிவிடும். எலக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டரோ லூப் டெஸ்டரோ வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

நியூட்ரல்–எர்த் அளவு, லோடு ஓடும்போதும் அசையாமல் பூஜ்யமாகவே இருந்தால் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பாருங்கள். எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்குப் போட்டு வைத்திருப்பார்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போன அன்று இயந்திரத்தின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். அந்த இணைப்பை எடுத்துவிட்டு முறையான எர்த் போடும்வரை சிஎன்சி வேலையைத் தொடாதீர்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் விளக்கு எரிவதும் எரியாததும் இதில் எதற்கும் சான்று ஆகாது.

16 ஆம்ப் பிளக்கிலேயே எல்லாவற்றையும் ஓட்டலாமா?

விஎஃப்டியின் லேபிளில் இன்புட் கரன்ட் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிங்கிள் ஃபேஸில் ஓடும் விஎஃப்டி, மோட்டாரின் வாட்டை 230-ஆல் வகுத்தால் வருவதைவிடக் கணிசமாக அதிகம் இழுக்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அலையின் உச்சியில் மட்டும் கரன்ட்டை உறிஞ்சுவதுதான் காரணம். 2.2 கிலோவாட் விஎஃப்டியில் 24 ஆம்ப் என்றுகூட அச்சிட்டிருப்பார்கள். அதை 16 ஆம்ப் பிளக்கில் போட்டால் முதலில் பிளக் பின் சூடாகும், பிறகு சாக்கெட் கருகும்.

1.5 கிலோவாட்டுக்கு எங்கள் பரிந்துரை: டிபியிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு, 20 ஆம்ப் சி வகை எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானாக விழும் பிரேக்கர்), முடிவில் நீல நிற 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். அதே சுற்றில் ஏசியோ வாட்டர் ஹீட்டரோ இருக்கக் கூடாது.

பெட்டிக்குள் எந்த இடத்துக்கு எந்த ஒயர், எந்தப் பாதுகாப்பு?

உள்ளே நுழைந்ததும் முதலில் இரட்டைத் துருவ ஐசொலேட்டர், அதாவது மெயின் சுவிட்ச். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து துண்டாக வேண்டும். சாக்கெட்டில் இரண்டும் இடம் மாறியிருந்தால் ஒற்றைத் துருவ சுவிட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டிவிட்டு, பெட்டி அணைந்ததுபோல ஏமாற்றும். அதன் பிறகு இரண்டு கிளைகள். விஎஃப்டிக்கு 2.5 ஸ்கொயர் எம்எம். அதன் கையேடு சொல்லும் அளவு எம்சிபி, 20 ஆம்ப்புக்கு மேல் போகாமல். எஸ்எம்பிஎஸ்களுக்கு 1 ஸ்கொயர் எம்எம், 6 ஆம்ப் சி வகை எம்சிபி. பி வகை வேண்டாம்: எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும் கணத்தில் கெப்பாசிட்டர் நிரம்பும் வேகத்தில் பி வகை சில நேரம் காரணமின்றி விழும்.

36 வோல்ட் பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஃபியூஸ் டெர்மினல் வரை 2.5, அங்கிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் தனித்தனியாக 1 ஸ்கொயர் எம்எம், தலைக்கு ஒரு 5 ஆம்ப் ஃபியூஸ். ஒரு டிரைவரிலிருந்து அடுத்த டிரைவருக்கு என்று சங்கிலியாகக் கொண்டுபோகாதீர்கள். கடைசி டிரைவரின் கரன்ட் முதல் டிரைவரின் திருகு வழியாகப் போகும். அந்தத் திருகு தளர்ந்தால் நாலும் சேர்ந்து தடுமாறும். மோட்டார் கேபிளுக்கு 0.75 நாலு கோர் போதும்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கருவிகளுடன் வரும் கார்டில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை–மஞ்சள் எர்த். ஆனால் மூன்று ஃபேஸ் வந்த வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். சுவரிலிருந்து வரும் நீல ஒயரை நியூட்ரல் என்று எடுத்துக்கொண்டால் 400 வோல்ட்டில் போய் முடியும். நிறத்தை நம்பாமல் அளந்து இணையுங்கள்.

ஒயர் முனையில் ஈயம் வைத்துத் திருகலாமா?

கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். இன்று இறுகப் பிடித்த திருகு சில மாதத்தில் தளர்ந்து, சூடாகி, கருகும். பல இழை ஒயருக்கு முனைக்குழாய் போட்டு, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். பேனல் கடையில் வெறுமனே ‘ஃபெருல்’ என்று கேட்டால் எண் அச்சிட்ட மஞ்சள் ஸ்லீவை எடுத்துத் தருவார்கள். கிரிம்ப் செய்ய வேண்டியதை ‘எண்ட் சீலிங் ஃபெருல்’ அல்லது ‘பின் லக்’ என்று கேளுங்கள். எண் ஸ்லீவையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இரண்டு முனையிலும் ஒரே எண் இருந்தால் ஒரு வருடம் கழித்துப் பழுது தேடும்போது பாதி வேலை மிச்சம். கிரிம்ப் செய்த ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

பெட்டிக்குள் எர்த்தை எப்படிக் கட்டுவது?

உள்ளே வரும் பச்சை ஒயர் முதலில் ஒரே ஓர் எர்த் பாரில் போய் இறங்க வேண்டும். அந்தப் பாரிலிருந்து தனித்தனி ஒயர்கள்: மவுன்டிங் பிளேட், கதவு, விஎஃப்டி, ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ், இயந்திரத்தின் இரும்புச் சட்டம், அசையும் கேன்ட்ரி (ஸ்பிண்டிலைச் சுமக்கும் பாலம்). கேன்ட்ரிக்குத் தனி ஒயர் கேட்பதற்குக் காரணம் உண்டு. அலுமினியம் புரொஃபைலின் மேல் ஆனடைஸ் பூச்சு கரன்ட்டைக் கடத்தாது. பிளாஸ்டிக் சக்கரத்தில் ஓடும் பகுதியும் எர்த்திலிருந்து துண்டாகவே நிற்கும். கதவுக்குக் கீல் போதாது, பின்னல் ஒயர் போடுங்கள்.

இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். முடிந்ததும் பிளக்கின் எர்த் பின்னில் மீட்டரின் ஒரு முனையை வைத்து, மறு முனையால் தொடக்கூடிய எல்லா உலோகத்தையும் தொட்டுப் பாருங்கள். மீட்டர் லீடின் சொந்தத் தடையைக் கழித்தால் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் 2, 3 ஓம் காட்டினால் அங்கே பெயின்ட் மிச்சம் இருக்கிறது.

பலர் தவறவிடுவது ஸ்பிண்டில். நாலு பின் கனெக்டரோடு வரும் மலிவான ஸ்பிண்டில் பலவற்றில் நாலாவது பின் உள்ளே எதனோடும் இணைக்கப்பட்டிருக்காது. நாலாவது பின்னுக்கும் ஸ்பிண்டில் உடம்புக்கும் நடுவில் மீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். சத்தம் வரவில்லை என்றால் மேல் மூடியைத் திறந்து, உடம்பில் ஒரு திருகில் லக் போட்டு அந்தப் பின்னுக்கு இணைக்க வேண்டும். வைண்டிங் இன்சுலேஷன் பழுதாகும் நாளில் நீங்கள் கையில் பிடித்திருக்கும் உலோகம் அதுதான்.

எமர்ஜென்சி பட்டனை ஆர்டுயினோவின் ரீசெட் பின்னில் கொடுத்திருக்கிறேன். போதாதா?

போதாது. ஆர்டுயினோ உறைந்துபோன நேரத்தில்தான் அந்தப் பட்டனை அழுத்துவீர்கள். அது கேட்கும் நிலையில் இருக்காது. பட்டன் மின்சாரத்தையே வெட்ட வேண்டும், எந்த மென்பொருளும் நடுவில் இல்லாமல்.

எப்போதும் உயிரோடு இருக்கும் ஒரு சிறிய 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் வையுங்கள். அதன் பிளஸ், எமர்ஜென்சி பட்டனின் என்சி (அழுத்தாதவரை இணைந்தே இருக்கும்) கான்டாக்ட் வழியாகப் போய், பச்சை ஸ்டார்ட் பட்டனின் என்ஓ (அழுத்தினால்தான் இணையும்) கான்டாக்ட் வழியாக, கான்டாக்டரின் (காயிலில் கரன்ட் வந்தால் இணையும் பெரிய சுவிட்ச்) 24 வோல்ட் காயிலுக்குப் போகட்டும். ஸ்டார்ட் பட்டனுக்குப் பேரலலாகக் கான்டாக்டரின் ஓர் என்ஓ துணைக் கான்டாக்ட், கையை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரன்ட்டைத் தொடர வைக்கும் இதுதான் ஹோல்டிங். இப்படிக் கட்டினால் கரன்ட் போய்த் திரும்பி வந்தாலும், எமர்ஜென்சி பட்டனைத் திருகி விடுவித்தாலும் இயந்திரம் தானாக உயிர்பெறாது. பச்சையை அழுத்தினால்தான் ஓடும். மின்வெட்டு உள்ள ஊரில் இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்.

இந்தக் கான்டாக்டர் 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸின் ஏசி பக்கத்தை வெட்டட்டும். விஎஃப்டி விஷயம் வேறு. அதன் இன்புட்டைச் சட்டென்று வெட்டினால் பிரேக் பிடிக்கும் சக்தியும் போய்விடும். 24,000 சுற்றில் ஓடிய ஸ்பிண்டில் தன் வேகத்தில் பல விநாடி சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் விஎஃப்டியின் ரன் சிக்னலைக் கான்டாக்டரின் இன்னொரு என்ஓ கான்டாக்ட் வழியாகக் கொண்டுபோங்கள். பட்டனை அழுத்தியதும் ரன் சிக்னல் போகும், விஎஃப்டி ஸ்பிண்டிலை இழுத்து நிறுத்தும். அதன் பின் ஆஃப்-டிலே டைமர் (சிக்னல் போய்க் குறித்த நேரம் கழித்து அணைப்பது) இரண்டாவது கான்டாக்டரை விடுவித்து விஎஃப்டியின் மின்சாரத்தை வெட்டும். நிற்க 4 விநாடி என்றால் டைமர் 6 விநாடி. பிரேக் ரெசிஸ்டர் இல்லாமல் நிறுத்தும் நேரத்தை மிகக் குறைத்தால் விஎஃப்டி ஓவர் வோல்ட்டேஜ் காட்டி விட்டுவிடும், ஸ்பிண்டில் மீண்டும் தன்போக்கில் சுற்றும். அந்த நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்து அளவைக் கண்டுபிடியுங்கள்.

பால் ஸ்க்ரூ (உராய்வு குறைந்த திருகுத் தண்டு) போட்ட இசட் அச்சு, மோட்டாரில் கரன்ட் போனதும் ஸ்பிண்டில் எடையால் கீழே இறங்கும். எமர்ஜென்சி பட்டனை அழுத்தியவரின் கை அடியில் இருக்கலாம். கேஸ் ஸ்பிரிங்கோ பிரேக் உள்ள மோட்டாரோ போட்டு இதைத் தீர்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

விஎஃப்டி வயரிங்கில் எங்கே தவறுகிறார்கள்?

இன்புட்டையும் அவுட்புட்டையும் மாற்றிக் கொடுப்பது முதல் தவறு. யு, வி, டபிள்யூ டெர்மினலில் மெயின்ஸ் ஏறினால் விஎஃப்டி அந்தக் கணமே முடிந்தது. இரண்டாவது, விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் சுவிட்ச் வைப்பது. ஓடும்போது அதை அணைத்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் போகும்.

மூன்றாவது தவறு கண்ணுக்குத் தெரியாது. பல விஎஃப்டிகள் சாதாரண 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்பில்தான் வரும். ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 220 வோல்ட் கேட்கும் மோட்டார். பேஸ் ஃப்ரீக்வென்சியை (முழு வோல்ட்டேஜும் கிடைக்கும் ஃப்ரீக்வென்சி) மாற்றாமல் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட்டையும் வாங்கி, சில நிமிடத்தில் வைண்டிங் புகையும். ஸ்பிண்டிலை இணைப்பதற்கு முன்பே பேஸ் ஃப்ரீக்வென்சி, உச்ச ஃப்ரீக்வென்சி, மோட்டார் கரன்ட் மூன்றையும் ஸ்பிண்டில் லேபிளைப் பார்த்துப் பதியுங்கள். காற்றில் குளிரும் ஸ்பிண்டிலுக்குக் குறைந்தபட்ச ஃப்ரீக்வென்சியும் பதிய வேண்டும். அதன் விசிறி அதே தண்டில் இருப்பதால் மெதுவாக ஓடினால் காற்றே வராது.

ஸ்பிண்டில் கேபிள் ஷீல்டு போட்ட நாலு கோர், 1.5 ஸ்கொயர் எம்எம். நாலாவது கோர் எர்த். ஷீல்டை விஎஃப்டி முனையில் முழுச் சுற்றாக கிளாம்ப் போட்டு எர்த் செய்யுங்கள். ஸ்பிண்டில் கனெக்டர் உலோகமாக இருந்தால் அந்த முனையிலும் சேருங்கள். ஷீல்டை முறுக்கி வால்போல நீட்டித் திருகினால் உயர் ஃப்ரீக்வென்சி இரைச்சல் எர்த்துக்குப் போவதற்கு அந்த வால் தடையாகிவிடும்.

ஸ்பிண்டிலை ஆன் செய்தால் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் லைனை வெட்டுவது) விழுகிறது. எர்த்தைக் கழற்றினால் விழவில்லை. அப்படியே விடலாமா?

விடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எர்த்தைக் கழற்றியதும் கசிவு நின்றுபோவதில்லை. அது போக வழியில்லாமல் இயந்திரத்தின் உடம்பில் காத்திருக்கிறது. அடுத்த வழி நீங்கள்.

விழுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உண்மையான பழுது: நசுங்கிய கேபிள், ஈரமான ஸ்பிண்டில், இன்சுலேஷன் போன வைண்டிங். ஸ்பிண்டில் கேபிளை விஎஃப்டியிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலையும் கேபிளையும் மட்டும் 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) எர்த்துக்கு எதிராகச் சோதியுங்கள். விஎஃப்டியை மெகர் செய்யக் கூடாது, செத்துவிடும். மற்றது, விஎஃப்டியின் இயல்பான கசிவு. அதன் ஃபில்டரிலும் ஷீல்டு கேபிளிலும் உள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாக எர்த்துக்கு எப்போதும் கொஞ்சம் கரன்ட் போகும். வீட்டில் ஏற்கெனவே ஃப்ரிட்ஜும் கம்ப்யூட்டரும் கசியவிடும் சில மில்லி ஆம்ப்போடு இதுவும் சேர்ந்தால் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி விழுகிறது.

தீர்வு, சிஎன்சி லைனுக்கு மட்டும் தனி ஆர்சிசிபி. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஏசி வகை. அது விஎஃப்டிக்குப் பொருந்தாது. டிசி கலந்த கசிவில் அது குருடாகிவிடலாம், விழ வேண்டிய நேரத்தில் விழாது. விஎஃப்டி கையேடு எந்த வகை கேட்கிறது என்று பாருங்கள்; சிங்கிள் ஃபேஸ் விஎஃப்டிக்கு எஃப் வகை ஏற்றது, சில கையேடுகள் ஆர்சிசிபியில் பி வகை கேட்கும் (எம்சிபியின் பி வகை வேறு). ஸ்பிண்டில் கேபிளைத் தேவையான நீளத்துக்கு வெட்டுங்கள், விஎஃப்டியின் கேரியர் ஃப்ரீக்வென்சியை (உள்ளே டிரான்சிஸ்டர்கள் ஆன்-ஆஃப் ஆகும் வேகம்) கொஞ்சம் இறக்குங்கள். கசிவு குறையும்.

ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் லிமிட் சுவிட்ச் (அச்சின் எல்லையைக் காட்டும் சுவிட்ச்) அலாரம் பொய்யாக அடிக்கிறது. ஏன்?

ஊனோவின் உள் புல்-அப் ரெசிஸ்டர் (பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைப்பது) 20 முதல் 50 கிலோ ஓம். அவ்வளவு பலவீனமான பிடியில் நிற்கும் ஒயர் ஒரு ஏரியல் மாதிரி. பக்கத்தில் ஓடும் ஸ்பிண்டில் கேபிளின் இரைச்சல் அதைத் தட்டிவிடும்.

சுவிட்சை என்சியாகக் கட்டுங்கள், ஜிஆர்பிஎல்லின் 5-ஆம் எண் அமைப்பை 1 ஆக்குங்கள். என்சியில் இன்னொரு லாபம்: ஒயர் அறுந்தால் இயந்திரம் நின்றுவிடும். என்ஓவில் ஒயர் அறுந்தது, ஸ்பிண்டில் சட்டத்தில் மோதும்வரை தெரியாது. அடுத்து, சுவிட்சை 24 வோல்ட்டில் ஓட்டி, பிசி817 ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்தும் பாகம்) வழியாக ஊனோவுக்குக் கொடுங்கள். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 5 மில்லி ஆம்ப் ஓடும்; இரைச்சலால் அவ்வளவு கரன்ட்டை உண்டாக்க முடியாது. ஆப்டோ இல்லையென்றால் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோ ஃபாரட், 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் புல்-அப். பெரும்பாலும் இதுவே போதும்.

சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும் பெட்டி முனையில் மட்டுமே எர்த் செய்யுங்கள். ஸ்பிண்டில் கேபிளிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோங்கள், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

டிரைவர் அடிக்கடி போகிறது. காரணம்?

பெட்டியில் கரன்ட் இருக்கும்போதே மோட்டார் ஒயரைக் கழற்றியிருப்பீர்கள், அல்லது கனெக்டர் தளர்ந்து விட்டுவிட்டுப் பிடித்திருக்கும். காயிலில் ஓடும் கரன்ட் திடீரென்று துண்டாகும்போது எழும் வோல்ட்டேஜ் டிரைவரின் அவுட்புட்டைக் கொல்லும். அடுத்த சந்தேகம் 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ். டிஎம்542-இன் எல்லை 50 வோல்ட். கனமான கேன்ட்ரி வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராகி வோல்ட்டேஜைத் திருப்பி ஏற்றும். 36 வோல்ட்டில் அதற்கு இடம் இருக்கிறது.

24 வோல்ட் சிக்னல் தரும் கன்ட்ரோலர் என்றால், 5 வோல்ட் இன்புட் உள்ள டிரைவருக்கு ஒவ்வொரு சிக்னலிலும் 2 கிலோ ஓம் சீரிஸில் வேண்டும். மோட்டாரின் நாலு ஒயரில் எது எதனோடு ஜோடி என்று தெரியாவிட்டால், இரண்டைச் சேர்த்துப் பிடித்துத் தண்டைத் திருப்புங்கள். கனமாகத் திரும்பினால் அவை இரண்டும் ஒரே காயில்.

பெட்டி எவ்வளவு சூடாகும்? மரத்தூள் நுழைந்தால் என்ன?

முழு லோடில் எஸ்எம்பிஎஸ் சுமார் 45 வாட், விஎஃப்டி அதைவிட அதிகம், டிரைவர்கள் கொஞ்சம். அக்னி நட்சத்திர நாளில் அறையே 40 டிகிரி இருக்கும்போது மூடிய பெட்டிக்குள் இது தாங்காது. கீழே ஃபில்டரோடு ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி உள்ளே ஊதட்டும், மேலே வெளிவழி. உள்ளிருந்து உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வேண்டாம். அது எல்லா இடுக்கு வழியாகவும் எம்டிஎஃப் தூளை உள்ளே இழுக்கும். விஎஃப்டிக்கு மேலும் கீழும் 10 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். கேபிள்கள் அடிப்பக்கத்திலிருந்து கிளாண்ட் வழியாக ஏறட்டும். அலுமினியம் வெட்டுகிறீர்கள் என்றால் பெட்டியை மேசையிலிருந்து தூரத்தில் வையுங்கள், தூள் கடத்தும்.

முதன்முறை கரன்ட் கொடுக்கும்போது எந்த வரிசையில் போவது?

முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஓட்டைக்குள் டார்ச் அடித்து 115/230 சுவிட்சைப் பாருங்கள். 115-இல் இருந்தால் நம் லைனில் ஆன் செய்த கணமே வெடிக்கும். பிளக் போடாமல் ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், 36 வோல்ட் பிளஸ்–எர்த் மூன்றிலும் ஷார்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள். எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்குங்கள்.

பிறகு எம்சிபிகள் எல்லாம் ஆஃப், ஃபியூஸ்கள் வெளியே, மோட்டார்கள் கழற்றிய நிலையில் மெயின் ஆன். எஸ்எம்பிஎஸ்களின் எம்சிபியை மட்டும் ஆன் செய்து, 24 வோல்ட் வருகிறதா பாருங்கள். எமர்ஜென்சி பட்டன், ஸ்டார்ட், ஹோல்டிங் மூன்றையும் பத்து முறையாவது சோதியுங்கள்; ஓடும்போது மெயினை அணைத்துப் போட்டு, தானாக எழவில்லை என்று பாருங்கள். அடுத்து 36 வோல்ட். அளவு சரி என்றால் அணைத்து, ஒரே ஒரு ஃபியூஸ், ஒரே ஒரு மோட்டார், டிரைவரின் டிப் சுவிட்சைக் குறைந்த கரன்ட்டில் வைத்து ஓட்டுங்கள். நாலும் ஓடிய பிறகே விஎஃப்டி. ஸ்பிண்டிலில் கட்டர் இல்லாமல், குறைந்த வேகத்தில், தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் யு, வி, டபிள்யூவில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள், அணைத்து, காத்திருந்து.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

விஎஃப்டிக்குள் சுமார் 325 வோல்ட் டிசி கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் லேபிளில் சொன்ன நேரம், எதுவும் எழுதவில்லை என்றால் 10 நிமிடம். டிசி டெர்மினல் வெளியே இருந்தால் அளந்துவிட்டுத் தொடுங்கள். பிளக்கை உங்கள் கண்ணுக்கு எதிரே தரையில் போட்டு வையுங்கள். வேறு யாரும் வந்து மாட்டிவிடாமல் இருக்க.